வென்ற அணியும் அதன் பள்ளியும்

(ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது பீரியட் எடுத்துப் பழகியவர்கள்தான் நாம் எல்லோரும், அதனால் கவலையில்லை. ‘விளையாட்டும் கல்வியும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். விளையாட்டினால் உடல் வலுப்படும், ஒழுக்கம் வளரும், கூட்டு மனப்பான்மை வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றையே திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு பள்ளியின் ஒரே ஓர் ஆண்டைப் பற்றி, அந்த ஆண்டில் அதன் கால்பந்து அணி ஆடிய ஆட்டங்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ஆண்டு 1912. இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கார்லைல் என்ற சிறிய ஊர்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. கால்பந்து என்றதும் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது வேறு. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். நம் கபடியில் வருவது போல ஆளை மடக்கிப் பிடிப்பதும் உண்டு, தள்ளுமுள்ளும் உண்டு. ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முயற்சிகள் தருவார்கள்; அதற்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி பள்ளிக்கு வருவோம். அதன் பெயர் கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி. இங்கே இந்தியர் என்பது நம்மைக் குறிப்பதில்லை. கொலம்பஸ் செய்த தவறால் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள், அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகள். நம் பழைய பாடநூல்கள் அவர்களைச் செவ்விந்தியர்கள் என்று எழுதின. ஐரோப்பியர்கள் மேற்கே மேற்கே நகர, இந்த மக்களின் நிலம் சுருங்கிக்கொண்டே போனது. போர்கள் நடந்தன. எஞ்சியவர்களை அரசு ஒதுக்கிய நிலப்பகுதிகளுக்குள் அடைத்தார்கள். அதன் பிறகு, இவர்களுடைய பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி அதற்கு ஒரு விடை சொன்னார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு விடுதிப் பள்ளியில் வைத்து, வெள்ளையர்களைப் போலவே வளர்த்துவிட வேண்டும் என்றார். 1879இல் ஒரு பழைய ராணுவ முகாமில் கார்லைல் பள்ளியைத் தொடங்கினார். பிராட் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். பூர்வகுடிப் பிள்ளைகளின் மூளை வெள்ளையர் மூளைக்குக் குறைந்தது என்று பலர் பேசிய காலத்தில், வாய்ப்புக் கொடுத்தால் அவர்களும் எதையும் கற்பார்கள் என்று வாதிட்டவர் அவர். ஆனால் அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் பூர்வகுடியைக் கொன்றால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்பது அவருடைய கொள்கை. 1892இல் ஒரு மாநாட்டில் வெளிப்படையாகவே அப்படிப் பேசினார்.

பள்ளியில் சேர்ந்ததும் பையன்களின் நீண்ட முடியை வெட்டினார்கள். லகோட்டா போன்ற இனங்களில் துக்கம் நேர்ந்தால்தான் முடியை வெட்டிக்கொள்வார்கள். வீட்டில் யார் இறந்துபோனார்கள் என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சொந்த மொழியில் பேசத் தடை விதித்தார்கள். உடை மாறியது. பெயரும் மாறியது.

பெயர் மாறியது எப்படி என்பதை, முதல் ஆண்டே அங்கே சேர்ந்த ஒரு லகோட்டாச் சிறுவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர் ஓட்டா க்டே. ஒரு நாள் வகுப்புக்குள் போனால் கரும்பலகை நிறைய வெள்ளைக் கோடுகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சியைக் கொடுத்து ஏதாவது ஒன்றைத் தொடச் சொன்னார்கள். அவை ஆங்கிலப் பெயர்கள் என்பது எழுத்தே தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? தொட்ட பெயர் அவர்கள் பெயராயிற்று. அதை ஒரு துணிப்பட்டையில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்தார்கள். ஓட்டா க்டே அன்றிலிருந்து லூதர் ஆனார். லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற பெயரில் அவர் பிற்காலத்தில் நூல்கள் எழுதினார்.

பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்கள். விடுமுறையிலும் பலரை வீட்டுக்கு அனுப்பாமல், வெள்ளையர் குடும்பங்களின் பண்ணைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு விடுவார்கள். காசநோய் போன்ற நோய்களில் பிள்ளைகள் இறந்தார்கள். பள்ளிக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அங்கே சுமார் 180 கல்லறைகள்.

இந்தப் பள்ளியில்தான் கால்பந்து வந்தது. தொடக்கத்தில் பிராட் அதற்குத் தடை போட்டார். ஓர் ஆட்டத்தில் ஒரு மாணவனுக்குக் கால் முறிந்துவிட்டது. மாணவர்கள் கூட்டமாக வந்து, ஆட விடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பேசிய விதத்தில் மனம் இளகிய பிராட் இரண்டு நிபந்தனைகள் போட்டார். எதிராளி அடித்தாலும் நீங்கள் கை நீட்டி அடிக்கக் கூடாது. நீங்கள் அடித்தால், காட்டுமிராண்டிகள் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியை வெல்ல வேண்டும். பிராட்டே தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கார்லைல் ஒரு கல்லூரி அல்ல, தொழிற்பள்ளி. ஆனால் வளர்ந்த இளைஞர்களும் அங்கே படித்ததால், ஹார்வர்ட், பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களின் அணிகளோடுதான் அவர்கள் மோதினார்கள். உள்ளூர் மைதானத்தில் பெரிய கூட்டம் சேராது. எனவே பெரிய ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில். ரயிலில் போய், ஆடி, நுழைவுக் கட்டணத்தில் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். 1899இல் க்ளென் வார்னர் என்பவர் பயிற்சியாளராக வந்தார். எல்லோரும் ‘பாப்’ வார்னர் என்பார்கள். இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1907இல் திரும்பி வந்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஆட்டம் எடை மிகுந்தவர்களின் ஆட்டம். ஆள்கள் கூட்டமாகத் திரண்டு எதிரணி வரிசையின் மீது மோதுவார்கள். 1905இல் மட்டும் பல இளைஞர்கள் ஆட்டத்தில் அடிபட்டு உயிரிழந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிடும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை ஆயிற்று. அதனால் 1906இல் விதிகளை மாற்றினார்கள். பந்தை முன்னோக்கி எறிய முதன்முறையாக அனுமதி கிடைத்தது. 1912இல் மேலும் மாற்றங்கள் வந்தன. 10 கெஜம் முன்னேற மூன்று முயற்சிகள் என்றிருந்தது நான்கானது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் 5 புள்ளி என்றிருந்தது 6 ஆனது. எறியும் தூரத்துக்கு இருந்த வரம்பும் நீங்கியது.

கார்லைல் பையன்கள் பொதுவாக எதிரணியினரைவிட எடை குறைந்தவர்கள், ஆனால் வேகமானவர்கள். பழைய விதிகளில் அவர்களுடைய வேகத்துக்கு மதிப்பு குறைவு. அப்போதே அவர்கள் தந்திரத்தால் சமாளித்தார்கள். 1903இல் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில், ஒரு வீரரின் சட்டை முதுகுக்குள் பந்தை ஒளித்துவைத்து எல்லை வரை ஓடவிட்டு அமெரிக்காவையே சிரிக்க வைத்தார்கள். அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். விதிகள் மாறியபின் தந்திரம் இல்லாமலே வெல்ல முடிந்தது. 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைப் பந்து எறிதலாலேயே திணறடித்து 26–6 என வென்றார்கள். பையன்கள் அதே பையன்கள்தான். எந்தத் திறமைக்கு மதிப்பெண் என்ற விதி மாறியிருந்தது. வினாத்தாள் தயாரிக்கும் நமக்கு இதில் யோசிக்க இடம் இருக்கிறது.

இப்போது 1912. அந்தக் கோடையில் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் போட்டிகள். கார்லைல் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஜிம் தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். அவருடைய மக்கள் வைத்த பெயருக்கு ஒளிமிக்க பாதை என்று பொருள் சொல்வார்கள். சிறு வயதிலேயே இரட்டைச் சகோதரனையும், பிறகு தாயையும் தந்தையையும் இழந்தவர். ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லானிலும், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானிலும் தங்கம் வென்றார்.

மற்றவர் லூயிஸ் தெவானிமா, ஹோப்பி இனத்தவர். 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. இவர் கார்லைலுக்கு வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அரசை எதிர்த்த ஹோப்பி மக்களில் இவரும் ஒருவர். அதற்குத் தண்டனையாகப் பிடித்து, 1907இல் இந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தை எதிர்த்ததற்குத் தண்டனையே பள்ளிக்கூடம்! அப்படி வந்தவர் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடிப் பதக்கம் வாங்கினார். 1964இல் பில்லி மில்ஸ் என்ற இன்னொரு பூர்வகுடி வீரர் தங்கம் வெல்லும் வரை, அந்த ஓட்டத்தில் எந்த அமெரிக்கரும் தெவானிமாவைத் தாண்டவில்லை. பூர்வகுடிகள் எல்லோரையும் அமெரிக்கக் குடிமக்களாக ஏற்கும் சட்டம் 1924இல்தான் வந்தது. 1912இல் அவர்களில் பலருக்குக் குடியுரிமை கிடையாது.

பதக்கங்களோடு திரும்பியவர்களுக்குக் கார்லைலில் ஊர்வலம், மேடை, பாராட்டுரைகள். பள்ளித் தலைவர் மோசஸ் ஃப்ரீட்மன் பள்ளியின் பெருமையைப் பேசினார். செப்டம்பரில் கால்பந்துப் பருவம் தொடங்கியது.

மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் நான்கும் சுலபமான வெற்றிகள். வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு யாருக்கும் புள்ளியில்லாமல் சமன். முந்தைய ஆண்டு ஒரே புள்ளியில் தங்களைத் தோற்கடித்த சிரக்யூஸ் அணியை இப்போது 33–0 என்று வென்றார்கள். பிட்ஸ்பர்க், ஜார்ஜ்டவுன் ஆகியவற்றையும் வென்றார்கள். எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய் டொராண்டோவிலும் ஆடி 49–1 என்று வென்றார்கள். லீஹை அணியையும் வென்ற பிறகு, நவம்பர் 9ஆம் தேதி வெஸ்ட் பாயிண்ட் போய்ச் சேர்ந்தார்கள்.

வெஸ்ட் பாயிண்ட் என்பது அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. பூர்வகுடிகளோடு போரிட்ட அதிகாரிகளில் பலர் அங்கே படித்தவர்கள். தெற்கு டகோட்டாவில் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ராணுவம் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். அந்த நாளுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடையில் 22 ஆண்டுகள்கூட முடியவில்லை. ஆடவந்த பையன்களுக்கு இதை யாரும் நினைவூட்ட வேண்டிய தேவை இருந்திருக்காது.

ராணுவ அணியில் அன்று ஆடிய ஒரு மாணவர் டுவைட் ஐசன்ஹோவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தளபதியாகவும், அமெரிக்க அதிபராகவும் ஆனவர். முதலில் புள்ளி எடுத்தது ராணுவ அணிதான். ஆனால் பாதி ஆட்டம் முடியும்போது கார்லைல் 7–6 என முன்னால் இருந்தது. வார்னர் வகுத்திருந்த புதிய அணிவகுப்பில் யார் கையில் பந்து போகிறது என்று எதிரணியால் ஊகிக்க முடியவில்லை. ஆட்டத்தை இயக்கியவர் ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த கஸ் வெல்ச். தோர்ப் ஒரு பக்கம், அலெக்ஸ் அர்காசா, பவல் மறுபக்கம் என்று மாறி மாறி ஓடினார்கள். கார்லைல் வீரர் ஜோ கையனை அடித்ததற்காக ராணுவ அணியின் தலைவரை நடுவர் வெளியே அனுப்பினார். கை நீட்டி அடிக்கக் கூடாது என்று பிராட் போட்ட நிபந்தனையை நினைத்துக்கொள்ளுங்கள்; அன்று மைதானத்தை விட்டு வெளியேறியவர் அதிகாரிகளின் பள்ளியைச் சேர்ந்தவர். ஆட்டம் 27–6 என்று முடிந்தது.

அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 எனத் தோற்றார்கள். அந்தப் பருவத்தின் ஒரே தோல்வி. பிறகு ஸ்பிரிங்ஃபீல்டோடு கடுமையாகப் போராடி வெற்றி. நவம்பர் 28ஆம் தேதி, நன்றி நவிலும் நாளில், பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என்று வென்றார்கள். கார்லைலுக்காக தோர்ப் ஆடிய கடைசி ஆட்டம் அது. 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன்.

கதையை இங்கேயே நிறுத்தினால் நம் வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வதற்கு ஏற்ற தன்னம்பிக்கைக் கதை. ‘வறுமையை வென்றார், சாதித்தார்’ என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்கடுத்த இரண்டு மாதங்களில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால், ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் கதையால் பயன் இல்லை.

1913 ஜனவரியில் ஒரு செய்தித்தாள் தோர்ப்பைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. 1909, 1910ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவில் சிறு அணிகளுக்காகக் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பது செய்தி. விளையாட்டுக்காகக் காசு வாங்கியவர் ஒலிம்பிக்கில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. கோடையில் அப்படி ஆடுவது கல்லூரி மாணவர்களிடையே சாதாரணம். பலர் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார்.

பள்ளித் தலைவரும் பயிற்சியாளரும் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தோர்ப் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் போயிற்று. நான் ஒரு பூர்வகுடிப் பள்ளி மாணவன், இதெல்லாம் தவறு என்று எனக்குத் தெரியாது என்ற பொருளில் அமைந்த கடிதம் அது. அதை எழுதிக் கொடுத்தவர் வார்னராகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பயிற்சியாளருக்கு முன்பே தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள். முறையீடு ஏதும் இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்த அந்தப் புகாரின் மீது நடவடிக்கை எடுத்தபோது அந்த விதியை யாரும் எடுத்துப் பேசவில்லை.

1953இல் தோர்ப் இறந்தார். 1982இல் ஒலிம்பிக் குழு இறங்கிவந்து, அவரையும் இணை வெற்றியாளராக ஏற்றது. மறு ஆண்டு குடும்பத்தாரிடம் பதக்கங்களின் மறுபடிகளைக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில்தான் இரண்டு போட்டிகளிலும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 110 ஆண்டுகள் ஆயின.

வெற்றி வந்தபோது மேடையில் பள்ளித் தலைவரும் பயிற்சியாளரும் அந்த இளைஞரும் சேர்ந்து நின்றார்கள். பழி வந்தபோது இளைஞர் ஒருவர் மட்டும் நின்றார். இது நமக்கு அந்நியமான கதையா? குறுவட்டப் போட்டிக்கோ மாவட்டப் போட்டிக்கோ ஒரு பையனைக் கூட்டிப் போகிறோம். வயதில் ஏதோ குளறுபடி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். சான்றிதழில் கையொப்பம் இட்டவர் யார், விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் யார் என்பது பின்னால் போய்விடும். ‘நீ வெளியே போப்பா’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுவது அந்தப் பையனிடம்தான். விளையாட்டில் மட்டும் இல்லை. கலைத்திருவிழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் இதே நிலை வரலாம். பிள்ளையின் பெயரில் நாம் ஒரு தாளில் கையொப்பம் இடும்போது, பின்னால் கேள்வி வந்தால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நாம் நிற்கத் தயாரா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

1914இல் இன்னொன்று நடந்தது. கஸ் வெல்ச், ராணுவ அணியை வென்ற ஆட்டத்தை இயக்கினாரே அவர்தான், பள்ளி நடக்கும் முறையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு தயாரித்தார். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் கையொப்பம் இட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று பள்ளிக்கே வந்து விசாரித்தது. மாணவர்கள் நேரில் சாட்சி சொன்னார்கள். உணவு போதவில்லை என்றார்கள். பயிற்சியாளர் தகாத சொற்களால் திட்டுகிறார் என்றார்கள். இசைக்குழு ஆசிரியர் ஒரு மாணவியைப் பலகையால் அடித்த செய்தி வெளியே வந்தது. கால்பந்தில் வந்த பெருந்தொகை எப்படியெல்லாம் செலவாயிற்று என்ற கணக்கும் வெளியே வந்தது. ஃப்ரீட்மன் பதவி இழந்தார். அந்த ஆண்டுப் பருவம் முடிந்ததும் வார்னர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1918இல் பள்ளியையே மூடினார்கள். கட்டடம் போரில் காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனை ஆயிற்று.

வாய்மொழியைப் பறிப்பதற்கென்றே தொடங்கிய பள்ளி அது. அங்கே படித்தவர்கள், பள்ளி கற்றுக்கொடுத்த ஆங்கிலத்திலேயே பள்ளியைப் பற்றி மனு எழுதினார்கள். அந்தக் கையொப்பங்களை இட்டவர்களில் எத்தனை பேருடைய பெயர் கரும்பலகையில் குச்சியால் தொட்டு வந்த பெயரோ, யார் கண்டார்கள்? வெல்ச் பின்னாளில் சட்டம் படித்துக் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் ஆனார்.

1911 முதல் 1914 வரை அந்தப் பள்ளியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்குப்பதிவியலும் கற்பித்த ஓர் இளம் ஆசிரியையும் இருந்தார். பெயர் மேரியன் மூர். பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கவிஞர். 1952இல் புலிட்சர் பரிசு பெற்றவர். தோர்ப் அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட பள்ளிகளிலும் நம்மைப் போலவே வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். பள்ளியின் கொள்கையை அவர்கள் வகுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் கண் முன்னால் பள்ளியாக நின்றவர்கள் அவர்கள்தான்.

சரி, நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் இதை வைத்து என்ன செய்யலாம்? மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். நம் வகுப்பில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகள் உண்டு. மலைப்பகுதிப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகள் உண்டு. வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஊர் ஊருக்குச் சேர்கிறார்கள். வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கியோ மாற்றியோ கூப்பிடுவது நமக்கு எளிது. அந்தப் பிள்ளையிடமே சொல்லச் சொல்லிக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்து, அப்படியே கூப்பிடலாம். செலவில்லாத வேலை.

இரண்டாவது, வகுப்பறைச் செயல்பாடு. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு இது பொருந்தும். கார்லைல் பள்ளி தன் மாணவர்களைச் சேர்ந்த புதிதில் ஒரு படமும், சில ஆண்டுகள் கழித்து இன்னொரு படமும் எடுத்து, பாருங்கள் எப்படி மாற்றிவிட்டோம் என்று விளம்பரப்படுத்தியது. டாம் டோர்லினோ என்ற நவஹோ மாணவரின் இரண்டு படங்கள் புகழ்பெற்றவை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அவற்றை ஹைடெக் லேபிலோ கைப்பேசியிலோ காட்டுங்கள். எதுவும் விளக்காமல், இரண்டு படங்களிலும் என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பிறகு, இவற்றில் எதை அவரே விரும்பி மாற்றியிருப்பார், எதை மற்றவர் மாற்றியிருப்பார் என்று கேளுங்கள். காலனியாதிக்கத்தைப் பற்றி நாம் நடத்தும் பாடம் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு ராணுவ அணியுடன் நடந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாவது, விளையாட்டுப் பாடவேளை. பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடை நாம் கடன் வாங்குவது வழக்கம். திருப்பித் தராத கடன் அது என்று உடற்கல்வி ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள், பாருங்கள். கார்லைல் பையன்களிடமிருந்து முடி, மொழி, பெயர், வீடு எல்லாம் போனபின், அவர்கள் தங்கள் உடம்பாலும் அறிவாலும் தாங்களே முடிவெடுக்க மிஞ்சியிருந்த இடம் அந்த மைதானம். அதையும் பள்ளி தன் வருமானத்துக்கும் பெருமைக்கும் பயன்படுத்திக்கொண்டது. இருந்தும், பந்து கையில் இருந்த அந்தச் சில நொடிகள் அவர்களுடையவை. நம் வகுப்பிலும் மற்ற ஏழு பீரியடிலும் தலைகுனிந்து உட்காரும் பிள்ளை ஒன்று இருக்கும். அது நிமிர்ந்து நிற்கும் பீரியடைக் கடன் வாங்காமல் இருப்போம்.

கடைசியாக, இன்றைய நிலை. கார்லைல் வளாகம் இப்போது அமெரிக்க ராணுவத்தின் உயர்கல்வி நிலையம். 2017 முதல், அங்கே புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எலும்புகளை எடுத்து, கேட்கும் குடும்பங்களிடமும் இனத்தவரிடமும் ஒப்படைத்து வருகிறார்கள். 2024இல் அமெரிக்க அதிபர் ஜோ பைடன் இப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் கார்லைலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தெவானிமா பள்ளியை விட்டதும் தம் ஹோப்பி கிராமத்துக்கே திரும்பிப் போனார். ஆடு மேய்த்து, சோளம் பயிரிட்டு, தம் மக்களின் சடங்குகளில் பங்கெடுத்து, 1969 வரை அங்கேயே வாழ்ந்தார். எந்தப் பள்ளி அவரை வேறு ஆளாக மாற்றப் பார்த்ததோ, அந்தப் பள்ளிக்கு அவர் ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்துவிட்டு, ஹோப்பியாகவே வீடு திரும்பினார்.

தேநீர் வந்துவிட்டது. கேள்விகளைத் தேநீரோடு சேர்த்துப் பேசலாம்.